பாடன் வழியாகப் போகும் பந்து

“இன்றைக்கும் உங்கள் மகன் எறிவானா?” என்று கீழ்மாடியில் இருக்கும் ஹுன்சிகர் அம்மா ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து ஞானேஸ்வரியைக் கேட்டார். வெள்ளைப் போர்வைகளைப் பால்கனியில் காயப்போடலாமா, அடுத்த நாள்வரை பொறுக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஞானேஸ்வரி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, எறிவான், பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் தொடங்கும், தொண்ணூறு பந்துக்குக் குறையாது என்று சொன்னாள். அவள் சொன்னபடியே அன்று தொண்ணூற்றேழு பந்துகள் சமையலறை யன்னலால் வந்து, இருக்கையறையைக் குறுக்கே கடந்து, பால்கனிக் கதவால் வெளியே போயின. அவற்றை எறிந்த சாயிசன் அந்த நேரத்தில் சுவிஸ் நாட்டின் பாடன் நகரத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், தாய்வானின் தெற்கே ஒரு விளையாட்டரங்கில், மண்மேட்டின் மேல் நின்றிருந்தான். அங்கே மாலை. அவன் எறிந்த பந்து மட்டையடிப்பவனிடம் போய்ச் சேர வேண்டிய பதினெட்டு மீற்றரில் நடுவில் கொஞ்சத் தூரத்தை மட்டும் தன் தகப்பனின் வீட்டுக்குள்ளால் கடந்துவிட்டுப் போனது.

தகப்பன் மகேஸ்வரன் தொண்ணூறாம் ஆண்டு இந்த நாட்டுக்கு வந்து, ஒரு உணவகத்தில் ஏழு வருடம் கோப்பை கழுவி, பிறகு இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் தரம்பார்க்கும் வேலைக்குப் போனவர். சுழலும் அச்சுத்தண்டுகளை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்ப்பதே அவருடைய வேலை. தண்டு ஒரு தலைமுடியின் பத்திலொரு பங்கு ஆடினாலும் அவருடைய கண்ணுக்குப் பட்டுவிடும். உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி முழு வரிசையையும் நிறுத்திவிடுவார். சுவிஸ்காரர்கள் கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள், அவர் சொன்னது சரியாக இருக்கும். மிச்ச நேரமெல்லாம் அவர் கோவில்காரர். பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய கோவிலின் நிர்வாகசபையில் செயலாளராக இருந்தார். சாயிசனுக்கு மூன்று வயதானபோது விஜயதசமியன்று அந்தக் கோவிலில்தான் ஏடு தொடக்கினார்கள். ஐயர் பிள்ளையின் வலக்கையைத் தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளை இடக்கை விரலால் தட்டிலிருந்த அரிசியில் ஒரு ‘அ’ எழுதிவிட்டது. எழுத்து நல்ல எழுத்து. ஐயர் அதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அன்றிலிருந்து மகேஸ்வரனின் வீட்டில் அந்த இடக்கைக்கு எதிரான போர் தொடங்கியது.

இடக்கைக்கு ஒரு காலுறையைப் போட்டு மணிக்கட்டில் தைத்துவிடும்படி மகேஸ்வரன் சொன்னார், ஞானேஸ்வரி தைத்தாள். பாலர் பள்ளி ஆசிரியை காலையில் அதைக் கத்தரித்து எடுப்பாள், மத்தியானம் ஞானேஸ்வரி பள்ளிக்கூட வாசலிலேயே வைத்துத் திரும்பத் தைப்பாள். இப்படி ஒரு வருடத்தில் பதினொரு காலுறைகள் முடிந்தன. ஆசிரியை இடக்கைக்காரருக்கான கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மகேஸ்வரன் அடுத்த நாள் அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய் அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, எங்கள் பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பிள்ளை வலக்கையால் எழுதவும் சாப்பிடவும் பழகியது. கோவிலில் விபூதியை வலக்கையால் வாங்கியது. ஆனால் வலக்கையால் அது எழுதிய எழுத்தை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. இடக்கை வேலை ஒன்றுமில்லாமல் நீளமாக வளர்ந்தது.

பதினொரு வயதில் சாயிசன் ஆற்றங்கரை மைதானத்தில் விளையாடிய பேஸ்போல் கழகம் ஒன்றில் சேர்ந்தான். அந்த விளையாட்டை யாரும் மதிக்காத நாட்டில், யாரும் மதிக்காததாலேயே அந்தக் கழகத்தில் இடம் கிடைத்தது. ஒரு நாள் அவன் வலக்கையில் பெரிய தோல் கையுறையுடன் வீட்டுக்கு வந்தான். மகேஸ்வரன் கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்தக் கைக்கு?”

“வலக்கைக்கு அப்பா.”

“வலக்கைக்கு மட்டும்தானோ? மற்றக் கைக்கு இல்லையோ?”

“இல்லை. வலக்கைக்கு மட்டும்தான்.”

பிள்ளை சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த விளையாட்டில் கையுறை பந்தைப் பிடிக்கிற கைக்கு, எறிகிற கை வெறுங்கை என்பது மகேஸ்வரனுக்குத் தெரியாது. கவசம் போட்ட கைதான் வேலை செய்யும் கை என்று அவர் நினைத்தார், தொழிற்சாலையில் அப்படித்தான். பிள்ளை தானாகவே வலக்கைக்கு மாறிவிட்டான் என்ற சந்தோசத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கையுறைக்குத் தன் கையாலேயே தேங்காயெண்ணெய் பூசினார். அது சின்னதாகிப்போனபோது இன்னொன்று வாங்கிக் கொடுத்தார், வலக்கைக்குத்தான் வேண்டுமென்று கடைக்காரனுக்கு மூன்று தரம் சொல்லி. கோவிலில் எல்லோருக்கும் கதை சொன்னார். ஐந்து வருடம் இப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் வேலை இருந்ததால் ஒரு ஆட்டத்தையும் அவர் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார், தனியாகப் போகவில்லை. கோவில் தலைவர் இரவீந்திரனையும் சபையில் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய் வேலியோரம் நிறுத்தி, அந்தா மேட்டில் நிற்கிறவன் என்ர மகன் என்று காட்டினார். சாயிசன் காலைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, இடக்கையால் எறிந்தான். இரண்டாவது பந்தையும் இடக்கையால் எறிந்தான். மூன்றாவது பந்துக்குப் பிறகு இரவீந்திரன் மெதுவாகத்தான் சொன்னார்.

“என்ன மகேஸண்ணை, பெடியன் கழுவுற கையால எல்லோ எறியிறான்?”

மற்ற மூன்று பேரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள், ஒருவரால் முடியவில்லை. மகேஸ்வரன் வேலியைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள் நடந்தார். நடுவர் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார், அவர் நிற்கவில்லை. மேட்டின் கீழே போய் நின்று மகனை நிமிர்ந்து பார்த்தார்.

“அஞ்சு வருசமா என்னைப் பேயனாக்கிப்போட்டாய்.”

“நீங்கள் எந்தக் கையால எறியிறாய் எண்டு கேக்கேல்லையே அப்பா.”

“இனி நீ எறியிறதை நான் பாக்கமாட்டன். ஒரு பந்து பாக்கமாட்டன். செத்தாலும் பாக்கமாட்டன்.”

அவர் திரும்பி நடந்து, பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். நாலு மணி பத்து நிமிடத்துக்கு முதலாவது பந்து பூட்டியிருந்த சமையலறை யன்னலை உடைத்துக்கொண்டு வந்து, அவருடைய கண்ணுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் கடந்து, பால்கனிக் கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு போனது. அன்று மட்டும் நாற்பது பந்துகள் வந்தன. கடைசிப் பந்து போன பிறகு ஞானேஸ்வரி கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். காப்புறுதிப் படிவத்தில், சேதம் விளைவித்தவர் அப்போது எவ்வளவு தூரத்தில் நின்றார் என்ற கேள்விக்கு ‘இரண்டு கிலோமீற்றர்’ என்று எழுத வேண்டியிருந்தது. காப்புறுதிக்காரர்கள் அதைப் பற்றி மேலதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு ஆட்ட நாட்களில் யன்னலையும் கதவையும் திறந்து வைப்பது வழக்கமானது.

மகேஸ்வரன் கதிரையைத் திருப்பிப் போட்டு யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்து பார்த்தார், பந்துகள் வளைந்து அவருடைய முகத்துக்கு முன்னால் வந்து போயின. படுக்கையறைக்குப் போனார், அங்கேயும் வந்தன. கோவிலுக்குப் போன ஒரு ஞாயிறு, தீபாராதனை நேரத்தில் இருபத்திரண்டு பந்துகள் அவருக்கும் மூலஸ்தானத்துக்கும் நடுவால் போயின. ஒன்று கற்பூரத்தை அணைத்தது. இரவீந்திரன் சபையைக் கூட்டி, இடக்கைச் சாமான் சந்நிதிக்குள் வரலாமோ என்று ஒரு விவாதம் வைத்தார். விவாதம் முடிய முன்னமே மகேஸ்வரன் செயலாளர் பதவியை விட்டுவிட்டு எழும்பி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு இருந்தும் பார்த்தார். பந்தின் காற்று இமையில் பட்டது, பட்ட காற்றிலிருந்து அது எவ்வளவு வேகம் என்று தெரிந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. கடைசியில் கதிரையைப் பழைய இடத்திலேயே போட்டு, கண்ணைத் திறந்துகொண்டு இருந்தார். கேட்டால், பார்க்கவில்லை என்றார்.

சாயிசன் தகப்பனோடு கதைப்பதை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொண்டான். பதினெட்டு வயதில் கையில் இருந்த தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு இத்தாலியில் ஒரு அணியோடு போய்ச் சேர்ந்தான், அவனுக்குச் சம்பளம் கொடுத்த முதல் அணி அது. இருபத்திரண்டு வயதில் தாய்வானுக்குப் போனான். அவனுடைய பந்து அவ்வளவு வேகம் இல்லை. ஆனால் மட்டையடிப்பவர்களால் அதைத் தொட முடியவில்லை. கையைவிட்டு வரும்போது தெரிகிறது, நடுவில் ஒரு கணம் காணாமல் போகிறது, திரும்பத் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். தொலைக்காட்சியில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதும் நடுவில் பந்து இருக்கவில்லை. அந்த ஒரு கணம் அது பாடனில் மகேஸ்வரனுக்கு முன்னால் இருந்தது. பயிற்சியாளர்கள் இதை அவனுடைய திறமை என்று எழுதினார்கள். அவனுக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன் தாயை அழைத்து ஒரேயொரு கேள்விதான் கேட்பான்.

“அவர் கதிரையில இருக்கிறாரோ?”

“ஓம், சாப்பிடுறார்.”

“நல்லம்.”

அன்றைக்குப் பந்துகள் தட்டுக்கும் வாய்க்கும் நடுவால் போகும். மகேஸ்வரன் தொழிற்சாலையில் முறைமாற்றிக் கேட்டு மத்தியானங்களில் வீட்டில் இருந்தார். அங்கே அவருக்கு முன்னால் பந்து போனால் சுவிஸ்காரர்கள் காரணம் கேட்பார்கள். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரை கட்டடத்தில் ஓய்வுநேரம், சத்தம் போடக்கூடாது என்று வீட்டு நிர்வாகம் மூன்று கடிதம் அனுப்பியது. நான்காவது கடிதத்தில், பந்துகள் சட்டப்படி வாடகைக்காரர் எறிந்தவை அல்ல என்பதால் மேலே நடவடிக்கை எடுக்க இடமில்லை என்று எழுதி வருத்தம் தெரிவித்தது. ஹுன்சிகர் அம்மா ஆட்ட அட்டவணையைத் தன் கதவின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டார்.

ஞானேஸ்வரிக்கு அந்த விளையாட்டு கடைசிவரை விளங்கவில்லை. அவளுக்கு எண்ண மட்டும் தெரிந்தது. ஒரு கூட்டம் பந்து வந்து நின்றால் பத்து நிமிடம் இடைவெளி, அந்த நேரத்தில் அறையைக் கடந்து பால்கனியில் உடுப்பு எடுக்கலாம். பந்துகள் அவளுக்கு வெள்ளைக் கோடுகளாகத்தான் தெரிந்தன. மகனை அவள் வருடத்தில் இரண்டு கிழமை விடுமுறையில்தான் கண்டாள், மிச்ச வருடம் முழுக்க அவனிடமிருந்து வீட்டுக்கு வந்தது இந்தக் கோடுகள்தான். ஒவ்வொரு ஆட்டம் முடியவும் சமையலறையிலிருந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, பிள்ளை நல்லா எறியிறானோ?”

“நான் பாக்கேல்ல.”

“உங்கட மூக்குக்கு முன்னால எல்லோ போகுது?”

“போனாப்போல பாக்கோணுமோ?”

பத்து வருடத்தில் இந்தக் கேள்வியும் பதிலும் ஒரு தரமும் மாறவில்லை. ஆனால் முதல் இரண்டு வருடம் முடிவதற்குள்ளேயே மகேஸ்வரனுக்குப் பந்தின் தையல் தெரியத் தொடங்கியிருந்தது. நாலாவது வருடம் அது எத்தனை தரம் சுழல்கிறது என்று எண்ணினார். ஆறாவது வருடத்தில் பந்து யன்னலுக்குள் வரும்போதே, இது நேரே போகும், இது கீழே விழும், இது கடைசியில் வெளியே வளையும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த இடக்கையை உலகத்தில் யாரும் அவ்வளவு கிட்ட நின்று அவ்வளவு காலம் கவனித்ததில்லை. அவர் அதை வெறுப்போடுதான் கவனித்தார், ஆனால் ஒன்றையும் தவறவிடவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திமூன்று ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தெட்டாவது பந்து ஆடியது. பந்து சுழலும் அச்சில் ஒரு முடியளவு ஆட்டம். மகேஸ்வரன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். அடுத்த பந்து சரியாக இருந்தது, அதற்கடுத்தது திரும்ப ஆடியது. தொழிற்சாலையாக இருந்தால் அந்த இடத்திலேயே பொத்தானை அழுத்தியிருப்பார். அடுத்த போட்டியில் பந்தின் ஆட்டம் கூடியிருந்தது, பந்து வரும் உயரமும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கை தன் இடத்தை விட்டு வெளியே போகிறது, முழங்கைக்குள் எதுவோ பிரிகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மட்டையடிப்பவர்களுக்கோ பயிற்சியாளர்களுக்கோ இது தெரியவில்லை, சாயிசனுக்கே தெரியவில்லை. அந்த மாதம் அவன் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை மகேஸ்வரன் தொலைபேசியை எடுத்து, எட்டு வருடத்தில் முதல் தடவையாக மகனின் இலக்கத்தை அழுத்தத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். என்ன சொன்னாலும் ‘நான் பார்த்தேன்’ என்பதில்தான் தொடங்க வேண்டியிருந்தது. வேறு விதமாகத் தொடங்க அன்று பின்னேரம்வரை முயன்றார். பின்னேரம் சுவிஸ் தொலைக்காட்சியில் சாயிசனின் பேட்டி வந்தது. அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்ட செய்தியாளருக்கு அவன் சிரித்துக்கொண்டு, அப்பா என் ஒரு பந்தையும் பார்த்ததில்லை, பார்க்காமல் இருக்கிறவரைக்கும் நான் நன்றாக எறிவேன், அப்படியே இருக்கட்டும் என்று ஜெர்மன் மொழியில் சொன்னான். மகேஸ்வரன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, தொலைபேசியைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார். அதன்பிறகு இரண்டு கோடைகாலம் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிவதை மதியச் சாப்பாட்டோடு இருந்து பார்த்தார். நல்லா எறியிறானோ என்று கேட்டவளுக்கு, நான் பாக்கேல்ல என்றார்.

இருபத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதம் அறுபத்தோராவது பந்து யன்னலுக்குள் வந்து, வேகம் குறைந்து, மகேஸ்வரனுக்கு ஒரு முழம் முன்னால் அந்தரத்தில் நின்றது. அங்கே விளையாட்டரங்கில் மட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் காத்திருந்தான். பந்து வரவில்லை. நான்கு நடுவர்கள் மைதானமெங்கும் தேடினார்கள், சட்டப் புத்தகத்திலும் தேடினார்கள், பிறகு அந்தப் பந்தை எறியப்படாததாகப் பதிந்தார்கள். சாயிசன் மேட்டில் முழங்காலில் இருந்து இடக்கையை வலக்கையால் தாங்கிப் பிடித்திருந்தான். பாடனில் ஞானேஸ்வரி அறுபத்திரண்டுக்காகக் காத்திருந்து, அது வராததால் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். பந்து மிக மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. பத்து வருடத்தில் முதல் தரமாக அவளுக்கும் தையல் தெரிந்தது.

பந்து அங்கேயே இருந்தது. மகேஸ்வரன் கதிரையை விட்டு எழும்பினால் அவருக்கு ஒரு முழம் முன்னால் கூடவே வந்தது. தொழிற்சாலையில், வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரைக்கும் வைத்திருக்கலாம் என்று மேற்பார்வையாளர் அனுமதித்தார். பேருந்தில் முன் இருக்கைக்காரர்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்கள். வீட்டு நிர்வாகம், ஓய்வுநேரத்தில் சத்தம் நின்றதற்கு நன்றி தெரிவித்து எழுதியது. ஞானேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் அதைத் தூசு தட்டினாள்.

ஐப்பசியில் சாயிசன் வந்தான். முழங்கையில் அறுவைசிகிச்சை முடிந்து, இடக்கையைத் தோளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஞானேஸ்வரி நண்டு வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். தகப்பனும் மகனும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள், நடுவில் பந்து இருந்தது. சாயிசன் வலக்கையால் சோற்றைப் பிசைந்து, நண்டுக் காலை உடைக்கத் தெண்டித்து, முடியாமல் வைத்தான். மகேஸ்வரன் பந்துக்கு மேலால் அதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்.

“பாத்தீரோ? வலக்கையாலதான் சாப்பிடுறார் துரை.”

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒருநாள் வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ.” அவள் நண்டை எடுத்து மகனுக்கு உடைத்துக் கொடுத்தாள். “டொக்ரர் என்னவாம் தம்பி? திரும்ப எறியலாமோ?”

“இல்லையம்மா. முடிஞ்சுது.” சாயிசன் தட்டைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். “ஒரே நாளில அறுந்ததில்லையாம். உள்ளுக்க கொஞ்சம் கொஞ்சமாப் பிரிஞ்சிருக்கு. துவக்கத்தில ஆரும் கண்டிருந்தா ஒரு வருசம் ஓய்வு எடுத்தே சரியாகியிருக்குமாம். ஒருத்தரும் காணேல்ல. ரெண்டு வருசமா இருந்திருக்கு எண்டு சொன்னவர்.”

“ரெண்டு வருசம் இல்லை,” என்றார் மகேஸ்வரன். யாராவது பிழையாக அளந்தால் திருத்துவது அவருடைய தொழில், வாய் தானாகத் திறந்தது. “ரெண்டு வருசமும் ரெண்டு மாசமும். ஆனி மாசம், செவ்வாய்க்கிழமை. முப்பத்தெட்டாவது பந்து.”

சாயிசன் முதன்முறையாகத் தகப்பனை நேரே பார்த்தான்.

“பாத்தனீங்களோ?”

பந்து அவருக்கு முன்னால் ஆடி ஆடிச் சுழன்றது.

“எல்லாத்தையும் பாத்தனீங்களோ அப்பா?”

“பாக்கமாட்டன் எண்டு சொன்னனான்,” என்றார் அவர். “சொன்னா சொன்னதுதான்.”

ஞானேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தவர்போல அவர் நிமிர்ந்து இருந்தார். அவள் கேட்கவில்லை. நண்டு உடைத்த கையைக் குழாயில் கழுவித் துடைத்தாள். அறைக்குள் போய் ஒரு சின்னப் பெட்டியில் நாலு உடுப்பும், மருந்தும், அடையாள அட்டையும் வைத்தாள். குளிரங்கியைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டினாள். மகனுடைய தலையில் ஒரு தரம் கையை வைத்து எடுத்தாள். மகேஸ்வரன் எழும்பி வாசலுக்கு வந்தார், பந்தும் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. அவள் அதைப் புறங்கையால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.